பாதி ஸ்வெட்டரின் மீதி

பூட்டுக்காரர் வீட்டில் புகுந்த திருடன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். பெட்டியின் நிழலை விட்டுவிட்டுப் போனான். மேசைக் கடிகாரம், வானொலி, சின்ன விசிறி ஆகியவற்றின் நிழல்களும் அப்படியே இருந்தன. பூட்டுக்காரரும் அவர் மனைவியும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மாலையில் திரும்பியபோது, முன்னறை ஜன்னல் வழியாக வந்த வெயில் எதிர்ச் சுவரில் இவற்றையெல்லாம் வழக்கமான இடத்தில் வழக்கமான அளவில் போட்டு வைத்திருந்தது. அதனால் திருட்டு நடந்தது உடனே தெரியவில்லை. அந்தக் கடிகாரம் முன்னும் பின்னும் கண்ணாடி போட்டது, முள்களின் நிழலும் சுவரில் விழும். மனைவி செருப்பைக் கழற்றி, சுவரைப் பார்த்து மணி தெரிந்துகொண்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, அதற்குப் பிறகுதான் நிழலுக்கு முன்னால் கடிகாரம் இல்லை என்பதைக் கவனித்தார். முதலில் கவனித்தது பூட்டுக்காரர்தான் என்றும் ஒரு பேச்சு உண்டு. அவர் அப்போது பின்கட்டில் இருந்ததால் அது சரியாக இருக்க வாய்ப்பில்லை.

பின்கதவின் பூட்டை யாரும் தொடவில்லை. கீல்களைக் கழற்றிக் கதவை அப்படியே சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். பூட்டுக்காரர் பூட்டைத் தடவிப் பார்த்து, பூட்டில் குற்றமில்லை என்றார். அதைப் பாராட்டும் நிலையில் யாரும் இல்லை. மனைவியின் தம்பி, மின்சார வேலை செய்பவர், செய்தி கேட்டு ஓடி வந்தார். போலீஸ்காரர் ஒருவரும் வந்தார்.

"என்னென்ன காணோம்?"

"அதான் சுவத்துல வரிசையா இருக்கே சார், பாத்துக்குங்க" என்றார் தம்பி.

"நிழல வச்சுக்கிட்டு நான் என்னத்த எழுதுறது? பொருள் போச்சா, இருக்கா? ஒண்ணு சொல்லுங்க."

"பொருள் போச்சு. நிழல் இருக்கு" என்றார் பூட்டுக்காரர்.

"அப்ப பாதிதான் போயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போலீஸ்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டார். பூட்டுக்காரர் வீட்டிலேயே புகுந்துவிட்டான் என்று தெரு முழுக்க ஒரு வாரம் சிரித்தது. சவரக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் பூட்டுக்காரர் போகும்போது மட்டும் சத்தத்தைக் குறைத்தார்கள். அதுவும் கேட்கிற அளவுக்குத்தான் குறைத்தார்கள்.

கடிகாரமும் விசிறியும் எந்தக் கடையிலும் கிடைக்கும். பெட்டி கிடைக்காது. அது ஒரு சாதாரணத் தகரப் பெட்டிதான். அதற்குள் மனைவியின் அக்காவுடைய மூக்குக் கண்ணாடி, இரண்டு மூன்று நரைமுடி சிக்கியிருந்த சீப்பு, பின்னல் ஊசிகள், அந்த ஊசிகளிலேயே தொங்கிய பச்சை நிறப் பாதி ஸ்வெட்டர், மிச்சமிருந்த நூல் உருண்டை ஆகியவை இருந்தன. தாய் தகப்பன் போன பிறகு மனைவியையும் தம்பியையும் வளர்த்தது அந்த அக்காதான். தம்பிக்கு மட்டுமல்ல, தெருவுக்கே அவர் பெரியக்கா. மனைவிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. உள்ளே ஆவி, வெளியே பனி. நனைந்த முதுகோடு வெளியே வருவதால் ஒவ்வொரு குளிர்காலமும் இருமிக்கொண்டே கழியும். அதற்காகத்தான் பெரியக்கா ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்தார். முன்பக்கமும் பின்பக்கமும் முடிந்து, தோளைச் சேர்த்து, வலது கையை ஆரம்பித்திருந்த ஒரு மத்தியானம், வரிசையின் நடுவில், கண்ணாடியைக் கழற்றாமல், உட்கார்ந்த நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தார்.

மீதியை வேறு யாராவது முடிக்கட்டும் என்று மனைவி அதை எடுத்துக்கொண்டு அலைந்ததுண்டு. பின்னத் தெரிந்த ஒரு பெண்மணி ஸ்வெட்டரை மடியில் போட்டு விரலால் நீவிப் பார்த்தார். "இந்தக் கை இழுப்பு எனக்கு வராதும்மா. அவங்க நூல இறுக்கிப் பிடிக்கிறவங்க, நான் விட்டுப் பிடிக்கிறவ. நான் தொட்ட எடத்துலேருந்து வேற ஆள்னு காட்டிக் குடுத்துடும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கம்பளி நூல்கடையில் அந்தப் பச்சை இல்லை. ஒரு தொட்டியில் ஊறிய சாயம் அடுத்த தொட்டியில் வராது என்று கடைக்காரர் விளக்கினார். ஆனாலும் மனைவி வருஷத்துக்கு ஒரு முறையாவது ஒரு துண்டு நூலைக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பார். மற்ற நாள்களில் ஸ்வெட்டர் பெட்டிக்குள் இருந்தது. பூட்டுக்காரருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அதனால் அந்தப் பெட்டிக்கு ஒரு பூட்டு செய்தார். தொழிலில் அவர் செய்ததிலேயே நல்ல பூட்டு அது. பித்தளை, உள்ளே லீவர் என்கிற நெம்பு ஏழு, மூடும்போது சத்தமே வராது. அதே வீட்டில் மனைவியின் தங்க வளையல்கள் மாவு டப்பாவுக்குள் மூடி கூடச் சரியாகப் பொருந்தாமல் கிடந்தன. திருடன் இரண்டையும் பார்த்திருக்க வேண்டும். எந்தத் திருடனாக இருந்தாலும் பெட்டியைத்தான் எடுத்திருப்பான்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி, "உங்க பூட்டுதாங்க அவனக் கைதட்டிக் கூப்பிட்டிருக்கு" என்றார். ஒரே ஒரு முறைதான் சொன்னார். பூட்டுக்காரர் சாப்பாட்டை முடித்து எழுந்தார். தன் தட்டைத் தானே கழுவி வைத்தார். அதன் பிறகு வெகுநாள் வரை அவர் கடையில் சுமாரான பூட்டுகள் மட்டுமே கிடைத்தன.

நிழல்களோடு குடும்பம் பழகிவிட்டது. விசிறியின் நிழல் சுற்றியது. காற்று வரவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டிருந்தால் குளிர்ச்சியாக இருக்கிறது என்று தம்பி அதன் எதிரில் துண்டை விரித்துப் படுப்பார். கடிகாரத்தின் நிழல் நிமிஷம் தவறாமல் ஓடியது. வானொலியின் நிழல் ஒரு மாதத்தில் வெளுத்துப்போய்விட்டது. அதை வாங்கிய புதிதிலிருந்தே யாரும் அதிகம் கேட்டதில்லை. பெட்டியின் நிழல் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. மனைவி தரையைப் பெருக்கும்போது அதன் அடியில் பெருக்குமாறு படாமல் சுற்றிப் பெருக்கினார். தம்பி அடிக்கடி காவல் நிலையத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். "மத்ததெல்லாம் போகட்டும்டா. அந்தப் பாதி ஸ்வெட்டர் மட்டும் வந்தாப் போதும்" என்று மனைவி ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார்.

குளிர் ஆரம்பித்த சமயம். மனைவி வேலையிலிருந்து வந்து விளக்கைப் போட்டு, இருமியபடி நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போது சுவரில் பூட்டின் நிழல் கழன்று விழுந்தது. ஏழு நெம்பு வைத்த பூட்டாக இருந்தாலும் அதன் நிழலுக்கு நெம்பு கிடையாது. இத்தனை நாள் அது மூடியிருந்ததே மரியாதைக்காகத்தான் போலிருக்கிறது. மூடி திறந்தது. முதலில் சீப்பின் நிழல் வெளியே வந்து, நடு வகிடு எடுப்பதுபோல் வெறும் இடத்தில் மேலிருந்து கீழாக இரண்டு முறை போனது. பிறகு மூக்குக் கண்ணாடி வந்து, ஒரு ஆள் உட்கார்ந்தால் முகம் இருக்கக்கூடிய உயரத்தில் நின்றது. முகம் எதுவும் இல்லை. கடைசியாக ஊசிகளும் ஸ்வெட்டரும் நூல் உருண்டையும் வந்தன. ஊசிகள் வரிசையின் நடுவில் விட்ட இடத்திலிருந்து பின்னத் தொடங்கின.

மனைவி அலறவில்லை. ஒவ்வொரு வரிசையின் ஆரம்பத்திலும் நூல் இரண்டு தரம் வெடுக்கென்று இழுபட்டதைப் பார்த்தார். பெரியக்காவின் பழக்கம் அது. அவர் மறுபடி இருமியபோது மூக்குக் கண்ணாடி சற்றே நிமிர்ந்து அவர் பக்கம் திரும்பியது. பிறகு ஊசிகள் முன்னைவிட வேகமாகப் போயின.

அதிலிருந்து அந்த வீட்டின் மாலைகள் மாறிவிட்டன. விளக்கு எரியும்போது மட்டுமே ஊசிகள் ஓடின. தம்பி வந்து விளக்கை ஒரு கம்பியில் கட்டி, சரியான சாய்வில் நிறுத்தி, மின்சாரம் போனால் எரிய ஒரு பேட்டரியும் வைத்தார். பெரியக்காவின் கண்ணுக்கு இந்த வெளிச்சம் போதுமா என்று அவருக்குக் கவலை. பெரிய பல்பு போட்டுப் பார்த்தார், நிழல் கூசிப் பின்வாங்கியதால் பழையதையே மாட்டினார். பூட்டுக்காரர் கடையிலிருந்து வந்தால் சுவருக்கும் விளக்குக்கும் நடுவில் போகாமல் குனிந்து சுற்றிக்கொண்டு போனார். மனைவி எதிரில் உட்கார்ந்து காய் நறுக்கினார், துணி மடித்தார், சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர் படுத்தும் பாட்டைச் சொன்னார். பதில் வந்ததில்லை. பெரியக்கா பின்னும்போது முன்பும் பதில் சொன்னதில்லை. வலது கை முடிந்தது. இடது கை ஆரம்பமாயிற்று.

இதற்கு நடுவில் ஒரு பழைய சாமான் கடையின் இருட்டு மூலையிலிருந்து கடிகாரத்தைக் கண்டுபிடித்துப் போலீஸ்காரர் கொண்டுவந்து கொடுத்தார். யாரும் சாவி கொடுக்காததால் அது என்றைக்கோ நின்றுபோயிருந்தது. அதை மேசையில் வைத்ததும் சுவரில் ஓடிக்கொண்டிருந்த நிழல் சரேலென்று இறங்கி வந்து அதோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டிய உடனே தானும் நின்றது. கடிகாரம் காட்டிய தப்பு மணியையே நிழலும் காட்டியது. பூட்டுக்காரர் சாவி கொடுத்தார், இரண்டும் சேர்ந்து ஓடின. அது சின்ன விஷயம். ஆனால் மனைவி அன்று வெகுநேரம் பெட்டியின் நிழலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தம்பியைக் காவல் நிலையத்துக்கு அனுப்புவதை அதோடு நிறுத்திவிட்டார். காரணம் கேட்டதற்கு, "போனது போனதாவே இருக்கட்டும்டா" என்றார்.

அப்படிச் சொன்ன பிறகுதான் பெட்டி வந்தது. பூட்டுக்காரரின் கடை சந்தைக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. மத்தியான வெயில் மேசை வரைக்கும் வரும். ஒல்லியான ஒரு ஆள் சாக்கைப் பிரித்துப் பெட்டியை மேசை மேல் வைத்தார்.

"அண்ணே, எங்க பெரியம்மா பெட்டி. சாவி தொலஞ்சு போச்சு. எல்லாக் கடையிலயும் காட்டிட்டேன். இதச் செஞ்சவன் ஒருத்தன்தான் தொறப்பான்னு உங்களக் கை காட்டினாங்க. நீங்க செஞ்சதா?"

"நான் செஞ்சதுதான்."

"அப்பாடா" என்று அந்த ஆள் முக்காலியில் உட்கார்ந்தார்.

பூட்டுக்காரர் வெயிலில் இருந்த பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். மேசையில் சுத்தியலுக்கு நிழல் இருந்தது, எண்ணெய்க் கிண்ணத்துக்கு இருந்தது, கூட்டமாகக் கிடந்த சாவிகளுக்கு இருந்தது. பெட்டிக்கு இல்லை.

"உங்க பெரியம்மா கண்ணாடி போடுவாங்களா?"

"போ... போடுவாங்க."

"உக்காந்தா என்ன பின்னுவாங்க?"

அந்த ஆள் பூட்டுக்காரரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "அண்ணே, அது உங்க வீடா?"

"கீலக் கழட்டினது நீங்கதானா? ஒரு ஸ்க்ரூ கூட வழுக்காமக் கழட்டியிருந்தீங்க."

"நன்றிண்ணே" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு அந்த ஆள் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு தன் கஷ்டத்தையெல்லாம் கொட்டினார். வாங்குகிறவர்கள் எல்லோரும் பெட்டியை வெயிலில் வைத்துப் பார்க்கிறார்களாம். நிழல் எங்கே என்று கேட்டுக் கதவைச் சாத்துகிறார்களாம். உடைக்கலாம் என்றால், நிழல் இல்லாத பொருள் மேல் உளி வைக்க மனசு வரவில்லையாம். வீட்டில் வைத்தால் பெண்டாட்டி பெட்டியோடு சேர்த்து வெளியே போகச் சொல்கிறாளாம்.

"அப்படி உள்ள என்னதாண்ணே இருக்கு?"

"ஒரு சீப்பு. ஒரு மூக்குக் கண்ணாடி. பாதி ஸ்வெட்டர்."

"இதுக்கா இந்தப் பூட்டு!"

"இதுக்குத்தான்."

அந்த ஆள் பூட்டை ஒரு முறை தடவிப் பார்த்தார். "அப்ப இத வெளிய வச்சிருக்கக் கூடாதுண்ணே. இல்ல, இவ்வளவு நல்லாச் செஞ்சிருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். பூட்டுக்காரர் அவரைப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று பிறகு பலர் கேட்டார்கள். அவன் சொன்னதில் தப்பில்லையே என்பதுதான் அவர் பதில்.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். சாய்ந்த வெயிலில் அவருடைய நிழல் வெறும் காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தது. மனைவியின் முகத்தை நினைத்துக்கொண்டே நடந்தார். தன் பூட்டு கூப்பிட்டுக் கொடுத்ததைத் தானே திருப்பிக் கொண்டுவருகிறோம் என்ற நினைப்பில் அவர் நடையில் வேகம் கூடியிருந்தது. வாசலில் கால் வைக்கும்போது மனைவி ஓடி வந்து இரண்டு கைகளையும் விரித்துக் கதவை மறித்தார்.

"உள்ள கொண்டு வந்துடாதீங்க."

உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுவரில் ஊசிகள் நின்றிருந்தன. பெட்டியின் நிழல் தரையோடு தரையாக வாசல் பக்கம் இழுபட்டு நீண்டிருந்தது. இடது கை முழங்கை வரைக்கும்தான் வந்திருந்தது. பெட்டி உள்ளே வந்தால் கடிகாரத்துக்கு நடந்ததுதான் இதற்கும் நடக்கும்: நிழல் தன் பொருளோடு ஒட்டிக்கொள்ளும், பின்னியதெல்லாம் பிரிந்து அந்தப் பழைய மத்தியானத்துக்கே போய்விடும். பூட்டுக்காரருக்கு அது அப்போதுதான் புரிந்தது. அவர் பெட்டியோடு தெருவிலேயே நின்றார். மனைவி படியிறங்கி வந்து மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். சாவி அவர் இடுப்புக் கொத்தில் இருந்தது.

"தொறந்து பாத்தீங்களா?"

"சாவி உன்கிட்டதானே இருக்கு."

அந்தச் சீப்பில் இருந்த முடிகளுக்கு நிழல் விழுந்ததில்லை, அவ்வளவு மெல்லியவை. அவற்றை ஒரு தடவை தொட்டுப் பார்க்க மனைவியின் கை சாவிக் கொத்துக்குப் போய்விட்டுத் திரும்பியது. அவர் உள்ளே பார்த்தார். மூக்குக் கண்ணாடி அவர் பக்கம் திரும்பிக் காத்துக்கொண்டிருந்தது.

"கடைக்கே எடுத்துட்டுப் போங்க" என்றார். "இன்னும் அரைக் கை பாக்கி இருக்கு. முடிச்சுடட்டும்."

பூட்டுக்காரர் திரும்பி நடந்தார். அந்தக் குளிர்காலத்தில் பாதி நாள்கள் அவர் கடையிலேயே, பெட்டியில் தலைவைத்துத்தான் படுத்தார்.

மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை இருக்கும்போது நூல் தீர்ந்தது. ஊசிகள் நின்றன. மூக்குக் கண்ணாடி தரையில் அங்குமிங்கும் தேடியது. மனைவி சலவைக்கூடத்து உடுப்பைக்கூட மாற்றாமல் நூல்கடைக்குப் போனார். கடைக்காரர் அவரைப் பார்த்ததும், அந்தப் பச்சை இன்னும் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தார்.

"எந்தக் கலரா இருந்தாலும் பரவால்ல. கம்பளியா இருந்தாச் சரி" என்றார் மனைவி.

இத்தனை வருஷம் ஒரு பச்சைக்காக வந்தவர் இப்படிச் சொன்னதும் கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைக்கு எட்டிய சிவப்பு உருண்டையை எடுத்துக் கொடுத்தார். மனைவி அதை விளக்கின் முன்னால் வைத்தார். சுவரில் எல்லா நிறமும் ஒரே நிறம்தான். உருண்டையின் நிழல் தரையில் இறங்கி உருண்டது, ஊசிகள் நுனியைப் பிடித்து இரண்டு தரம் வெடுக்கென்று இழுத்தன. அந்தச் சிவப்பு உருண்டை இன்றும் அலமாரியில் இருக்கிறது. அதற்கு நிழல் கிடையாது.

பின்னல் முடிந்த மாலையில் மூன்று பேரும் வீட்டில் இருந்தார்கள். கடைசி முடிச்சு விழுந்ததும் ஊசிகள் உருவிக்கொண்டு வந்து பக்கத்துப் பக்கத்தில் படுத்தன. மூக்குக் கண்ணாடி முதல் தடவையாகக் கழன்று, கால்களை மடித்துக்கொண்டது. சீப்பும் ஊசியும் கண்ணாடியும் பெட்டிக்குள் திரும்பிப் போய் மூடி இறங்கியது. ஸ்வெட்டர் மட்டும் வெளியே, சுவரில் இருந்தது. மனைவி எழுந்து போய், தன் நிழல் அதன் அருகில் விழும்படி நின்றார். சின்னப் பெண்ணாக இருந்தபோது உடுப்பு மாட்டிவிட நிற்பதுபோல் இரண்டு கைகளையும் தூக்கினார். ஸ்வெட்டர் இறங்கி அவர் நிழலின் மேல் உட்கார்ந்தது. தோள் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. அளவு எடுத்தபோது அவர் இன்னும் சற்றுப் பூசினாற்போல் இருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் தம்பி. சொல்லிவிட்டு விளக்குக் கம்பியைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் பூட்டுக்காரர் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்தார், அதன் நிழல் எழுந்து வந்து ஒட்டிக்கொண்டது. உடுத்தியாகிவிட்ட ஸ்வெட்டரின் நிழல் மட்டும் மனைவியின் நிழலை விட்டு அசையவில்லை. மனைவி பூட்டைத் திறந்தார். சீப்பில் முடிகள் இருந்தன. ஊசிகளில் பச்சைக் கண்ணிகள் நடு வரிசையில் அப்படியே நின்றிருந்தன. அவர் அந்தப் பாதி ஸ்வெட்டரைப் பிரிக்கவுமில்லை, யாரிடமும் கொடுக்கவுமில்லை. தூசு தட்டிக் கொடியில் போட்டபோது வெயில் அதன் வழியாக நேராகத் தரையில் விழுந்தது. இப்போது பெட்டிக்குப் பூட்டு இல்லை. ஏழு நெம்புப் பூட்டு வாசல் கதவில் தொங்குகிறது, கீல்களையும் பூட்டுக்காரர் உள்பக்கமாக மாற்றிவிட்டார். மாவு டப்பாவின் மூடி இன்னும் பொருந்தவில்லை.

அந்தக் குளிர்காலத்தின் மீதியிலும், அதற்கடுத்த குளிர்காலங்களிலும் மனைவி இருமவில்லை. கோடையில்தான் கொஞ்சம் சங்கடம். முற்பகல் வெயிலில் அவர் சலவைக்கூடத்துக்கு நடந்து போகும்போது நிழல் மணிக்கட்டு வரை கம்பளி போட்டுக்கொண்டு கூடவே போகும். எதிரில் வருகிறவர்கள் அதன் மேல் கால் படாமல் ஒதுங்கிப் போவார்கள். பட்டால் வேர்க்கும் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் தம்பி பொறுக்க முடியாமல் கேட்டார்.

"சின்னக்கா, இந்த வெயில்ல உன் நிழலுக்குப் புழுங்கலையா?"

"புழுங்குதுதான்" என்றார் மனைவி. "கழட்டினா பெரியக்கா திட்டும்."

தம்பிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இருவரும் மரத்து நிழல் வந்ததும் அதில் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனார்கள்.